ஏழாம் இலக்க மதகும் மாட்டு வண்டித் தலைப்பும்

இந்த வருடம் ஓகஸ்ட் பன்னிரண்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபதுக்குத் தர்சினி தொலைபேசி எடுத்தாள். நான் மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். நான் ஓய்வு பெற்றபிறகு திணைக்களத்தில் என் கதிரையில் இருப்பவள் அவள்தான்.

அங்கே புதிதாக ஒரு கணினி முறை வந்திருக்கிறதாம். வரவு செலவுத் திட்டத்தில் மூன்று வருடம் தொடர்ந்து செலவு இல்லாத வரிகளை அது தானாகவே சிவப்பாக்கிவிடும். பத்து நாளுக்குள் காரணம் எழுதாவிட்டால் அடுத்த வருடத்துக்குப் பூச்சியம் போட்டுவிடும்.

"அக்கா, உங்கடை மாட்டு வண்டியும் சிவந்து போச்சு. மாடும் இல்லை, வண்டியும் இல்லை. வெட்டட்டோ?"

வெட்டாதே, காரணத்தை எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

"சுருக்கமா எழுதுங்கோ. காரணம் எழுதுற பெட்டியிலை இருநூறு எழுத்துத்தான் கொள்ளும்."

அந்தப் பெட்டிக்குள் கொள்ளாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் முப்பத்தொரு வருடம் பாதீட்டுப் பிரிவில் வேலை செய்தவள். பாதீடு என்றால் வரவு செலவுத் திட்டம். அடுத்த வருடம் எந்த வேலைக்கு எவ்வளவு வேண்டும் என்று இந்த வருடமே எழுதிவைப்பது. இதைக் கேள்விப்படுகிறவர்கள் என் கையில் காசு புரண்டது என்று நினைக்கிறார்கள். காசாளரின் அறைக்குள் நான் போனதே குறைவு. எங்கள் கையில் புரண்டது கடுதாசிதான்.

பயின்ற காலத்தை நாலு வரியில் சொல்லிவிடலாம். எழுதுவினைஞராகச் சேர்ந்தேன். கந்தோர், அதாவது அலுவலகம், மூன்று தடவை இடம் மாறியது, மூன்று தடவையும் கோப்புகளை, எங்கள் பேச்சில் கோவைகளை, சாக்கில் கட்டிச் சுமந்தவர்களில் நானும் ஒருத்தி. நிதிப் பிரமாணப் புத்தகத்தை இரவல் வாங்கி, கொப்பியில் பார்த்து எழுதிப் படித்தேன். சம்பளம் ஏறுவதற்கான தடைதாண்டல் பரீட்சையில் இரண்டாம் முறைதான் சித்தியடைந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் நாட்குறிப்பு எழுதுகிறேன். இந்தக் கட்டுரையில் உள்ள திகதிகள் அவற்றிலிருந்து எடுத்தவை.

எங்கள் வேலைக்கு ஒரு பருவம் உண்டு. ஜூலைக் கடைசியில் சுற்றுநிருபம் வரும். ஓகஸ்டில் ஒவ்வொரு பகுதியும் தன் தேவையை எழுதி அனுப்பும். அந்த வரிகளை நாங்கள் தலைப்பு என்போம். ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே ஐந்து நிரல்கள் இருக்கும். முதல் மூன்றும் கடந்த மூன்று வருடங்களில் உண்மையில் செலவானது. நான்காவது இந்த வருடத்து ஒதுக்கீடு, ஐந்தாவது அடுத்த வருடத்துக்குக் கேட்பது. கேட்டதையெல்லாம் கூட்டினால் எப்போதும் வரம்புக்கு மேலேதான் நிற்கும். மேலே நிற்பதை வெட்டி இறக்குவது என் வேலை. நீண்ட அடிமட்டம் ஒன்றை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொன்றாக இறங்கி வருவேன். முதல் மூன்று நிரலிலும் சிறு கோடு, கோடு, கோடு என்று இருந்தால் சந்தோஷமாக இருக்கும். செலவாகாத தலைப்பை வெட்டினால் ஒருவரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

பதினாறு வருடம் அப்படி வெட்டி நல்ல பெயர் எடுத்திருந்தேன். அப்போதுதான் செந்தூரன் சேர் கணக்காளராக வந்தார்.

அவர் என்னைவிட எட்டு வயது இளையவர். பருத்தித்துறையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். எட்டுப் பத்துக்குப் படி ஏறுகிற சத்தம் கேட்கும். குரலை உயர்த்தியதை நான் கேட்டதில்லை. "இல்லை" என்று சொன்னதையும் கேட்டதில்லை. ஒரு கோவையில் அவருக்குத் திருப்தி இல்லையென்றால், நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறத்தில் ஒரே ஒரு கேள்வியைப் பென்சிலால் எழுதிக் குத்தி அனுப்புவார். கோவைக்கு மேலே ஒரு பருத்தித்துறை வடையும் வரும். மெல்லிய, மொறுமொறுவென்ற, மிளகாய்த்தூள் வாசம் வீசுகிற அந்த வடையை அவருடைய மனைவி சுட்டுப் பையில் கொடுத்துவிடுவார். கையெழுத்துப் போட்டு அனுப்பும் கோவைக்கு வடை கிடையாது. ஆகவே வடையைக் கண்டால் எங்கள் பிரிவில் ஒருவருக்கும் மகிழ்ச்சி வராது, ஆனால் எல்லோரும் சாப்பிடுவோம். அந்தக் காலத்துக் கோவைகளின் மேலட்டைகளில் இன்றும் எண்ணெய் வட்டங்கள் இருக்கும். அவற்றை எண்ணினால் யார் எத்தனை தடவை பிழை விட்டார்கள் என்று தெரிந்துவிடும்.

அவர் வந்த முதல் வருடத்திலேயே மாட்டு வண்டித் தலைப்பில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. "மாட்டு வண்டி" என்று ஒரு வரி. அதற்கு வருடா வருடம் ஆயிரம் ரூபாய். அது பெயருக்கு வைக்கும் தொகை, தலைப்பு சாகாமல் இருப்பதற்காக மட்டும். மாட்டு வண்டி எங்கள் திணைக்களத்தில் எந்தக் காலத்தில் ஓடியது என்று ஒருவருக்கும் தெரியாது. நான் அதை வெட்டிக் கொண்டுபோனேன். வடையோடு திரும்பி வந்தது. தாளில், "இது யாருடையது?" என்று இருந்தது. யாருடையது என்று தெரியாது என்று நேரில் போய்ச் சொன்னேன்.

"தெரியாதெண்டா இருக்கட்டும் அக்கா. தெரிஞ்சபிறகு வெட்டுவம்."

அடுத்தடுத்த வருடங்களிலும் வெட்டினேன், அடுத்தடுத்த வருடங்களிலும் வடை வந்தது. பிறகு விட்டுவிட்டேன். ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு எங்கள் பாதீட்டைக் காட்டும்போது, "இதுதான் சேரின்ரை மாட்டு வண்டி" என்று சொல்லிச் சிரிப்போம். அவருக்கும் அது தெரியும்.

இனி ஏழாம் இலக்க மதகு.

அரியாலைப் பக்கம் கடல்நீரேரியின் ஒரு கை வயலுக்குள் நுழைகிற இடத்தில் அந்தச் சிறு மதகு இருக்கிறது. இரண்டு பக்கச் சுவரிலும் வெட்டிய பள்ளத்துக்குள் பன்னிரண்டு பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்குவார்கள். மாரி வெள்ளத்துக்குப் பலகைகளைக் கழற்றி நீரைக் கடலுக்கு விடுவார்கள். மழை ஓய்ந்து உள்ளே நீர் வற்றத் தொடங்குமுன் திரும்ப இறக்கிவிட வேண்டும். இல்லையென்றால் உவர்நீர் மறுபக்கமாக ஏறி வரும். இதையெல்லாம் நான் பிறகுதான் அறிந்தேன். அப்போது எனக்கு அது "மதகு 7 – பலகை புதுப்பித்தல்" என்ற ஒரு தலைப்பு. கோடு, கோடு, கோடு.

வெட்டினேன். கோவை வடையோடு திரும்பி வந்தது. தாளில், "மதகில் யாரோடு கதைத்தது?" என்றிருந்தது. மதகு காப்பவரின் தொலைபேசி இலக்கம் கோவையின் கடைசிப் பக்கத்திலேயே இருந்தது. நான் எடுக்கவில்லை. தாளிலேயே, "மூன்று வருடமும் செலவு பூச்சியம்" என்று பதில் எழுதி அனுப்பினேன். அந்த ஓகஸ்டில் அவருடைய மேசையில் இருநூறு தலைப்புக்கு மேல் கிடந்தன. கையெழுத்து வைத்துவிட்டார். அந்த வருடப் பாதீடு மிகவும் சுத்தமாக இருந்தது என்று என் நாட்குறிப்பில் பெருமையாக எழுதியிருக்கிறேன். சுத்தமாகத்தான் இருந்தது.

பொங்கல் கழிந்து, ஜனவரி பத்தொன்பதாம் திகதி திங்கட்கிழமை ஒரு கடிதம் என் மேசைக்கு வந்தது. எழுதியவர் மதகு காப்பவர், மரியாம்பிள்ளை. கொப்பித் தாளில் அழகான கையெழுத்து. பலகை பன்னிரண்டும் உக்கிப் போய்விட்டன என்றும், தைப்பூசப் பூரணைக்குக் கடல் ஏறும் என்றும், அதற்கு முன் புதுப் பலகை இறக்காவிட்டால் வயற்கரையில் உள்ள இருபத்தாறு குடிநீர்க் கிணறுகளுக்கும் உப்பு வந்துவிடும் என்றும் எழுதியிருந்தார். ஒருமுறை உப்பு ஏறிய கிணறு அடுத்த மாரி வரை மாறாது என்று கடைசியில் ஒரு வரி. அந்த வருடம் தைப்பூசம் பெப்ரவரி மூன்றாம் திகதி. பதினைந்து நாள் இருந்தது.

அன்றுதான் அந்த இலக்கத்துக்கு முதல் முறையாக எடுத்தேன். மூன்று வருடமாக ஏன் பலகை வாங்கவில்லை என்று கேட்டேன். கேட்டபோது என் குரலில் கொஞ்சம் அதிகாரம் இருந்திருக்கும்.

"தங்கச்சி, பலகை வாங்கிறதெண்டா மூண்டு கடையிலை விலை எழுதி எடுத்துக்கொண்டு வா எண்டு சொல்லுறியள். ரவுணுக்கு மூண்டு தரம் போய்வர என்ரை மூண்டு நாள் கூலி போயிடும். மச்சான் பழைய வள்ளம் உடைக்கிறவர். அந்தப் பலகையிலை நல்லதாப் பாத்து, தார் பூசி இறக்கிப்போட்டு இருந்தனான். அரசாங்கத்துக்கும் ஒரு சதம் செலவில்லை."

"இந்த முறையும் அப்பிடி ஏலாதோ அண்ணை?"

"இப்ப எல்லாம் பைபர் வள்ளம். உடைச்சா என்ன வரும்? மாவுதான் வரும்."

நான் தொலைபேசியை வைத்துவிட்டு அந்த மூன்று கோடுகளையும் பார்த்தேன். ஒவ்வொரு கோடும் ஒரு மனிதன் தாரும் தூரிகையுமாக நின்ற ஒரு கிழமை.

நிதிப் பிரமாணப்படி ஒரு தலைப்பில் மிஞ்சுவதை இன்னொரு தலைப்புக்கு மாற்றலாம். ஆனால் அந்த இன்னொரு தலைப்பு பாதீட்டில் இருக்கவேண்டும். ஆயிரம் ரூபாயோடாவது இருக்கவேண்டும். நான் வெட்டிய தலைப்பு இல்லை. இல்லாத தலைப்பை மீண்டும் உண்டாக்க மேலிடத்து அனுமதி வேண்டும், அதற்குக் குறைந்தது இரண்டு மாதம். இதை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. புதிதாக வந்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு சேரிடம் போனேன். வாசித்தார். நான் வெட்டியது என்றேன். "நானும் இன்னொருக்காக் கேட்டிருக்க வேணும்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. எழுந்து அலுமாரியைத் திறந்து, அடித்தட்டில் கிடந்த கட்டிய புத்தகங்களைத் தரையில் இறக்கத் தொடங்கினார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"மாட்டு வண்டி ஆருடையது எண்டு நாங்கள் இன்னும் பாக்கேல்லைத்தானே அக்கா."

இந்த நேரத்தில் பகிடியா என்று எனக்குக் கோபம் வந்தது. அரை மணித்தியாலம் தூசுக்குள் இருந்து, பழைய அச்சுப் பாதீடு ஒன்றை எடுத்தார். அங்கீகரிக்கப்பட்ட தலைப்பு அதில் உள்ளதுதான். விரலை வைத்து மெதுவாக வாசித்தார்.

"மாட்டு வண்டி, வள்ளம் மற்றும் மரத்தாலான ஏனைய உபகரணங்கள், பராமரிப்பு."

பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் கணினித் தாளில் அந்தத் தலைப்பு "மாட்டு வண்டி" என்று மட்டுமே தெரிந்ததற்குக் காரணம், பல வருடத்துக்கு முன் பக்கம் ஒரே தாளில் அடங்கவேண்டும் என்று யாரோ அந்த நிரலை ஒடுக்கியிருந்தார்கள். அந்த யாரோ நான்தான். பக்கம் அழகாக அடங்கியது. மிச்சச் சொற்கள் அடுத்த நிரலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன. பாதீடு எழுதுகிறவர்கள் மட்டுமே விடக்கூடிய பிழை அது.

"மதகுப் பலகை மரம்தானே சேர்?" என்றேன்.

"மரம்தான். ஆனா உள்ளகக் கணக்காய்வாளரை முதலே கேட்டுப்போட்டுச் செய்வம். கேக்காமல் செய்தா கெட்டித்தனம் மாதிரி இருக்கும்."

கணக்காய்வாளர் முதலில் எந்த வண்டிக்குப் பன்னிரண்டு பலகை என்று கேட்டார். அச்சுப் புத்தகத்தை அவருக்கு முன்னால் விரித்து வைத்தேன். இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். எந்தத் தலைப்பிலிருந்து பணத்தை எடுப்பது என்று கேள்வி வந்தபோது, எங்கள் பிரிவின் எழுதுகருவித் தலைப்பைச் சொன்னேன். அந்த வருடம் முழுவதும் நாங்கள் வீட்டிலிருந்து பேனை கொண்டுவந்து எழுதினோம். அதற்காக என்னை ஏசியவர்களின் பெயர்களும் நாட்குறிப்பில் உண்டு, இங்கே வேண்டாம்.

மாற்றுவதற்கான விண்ணப்பத்தில் காரணம் எழுத வேண்டும். "சென்ற ஓகஸ்டில் மதகு காப்பவரைக் கேட்காமல் நான் தலைப்பை நீக்கியதால்" என்று எழுதி, கையெழுத்தும் திகதியும் போட்டேன். கோவை வடையோடு திரும்பி வந்தது. பிழையை வேறு மாதிரி எழுதச் சொல்லப்போகிறார், அல்லது இன்னும் விளக்கம் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். தாளில் இருந்தது வேறு. "வாசித்தேன். பலகை நீளம் எட்டடி என்று அளந்தது யார்?"

நேரம் போய்க்கொண்டிருந்தது. "கோவையின்படி" என்று எழுதி அனுப்பினேன். வாழ்க்கையில் ஒரே பிழையை ஒரே அலுவலில் இரண்டு தடவை செய்ய முடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஜனவரி இருபத்தொன்பது, வியாழக்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்கு அனுமதி வந்தது. மூன்று கடையின் விலைகளையும் அதற்குள் நானே நேரில் போய் எடுத்துவைத்திருந்தேன். சனிக்கிழமை மரம் விற்கும் மரக்காலையிலிருந்து பன்னிரண்டு மருதம் பலகைகள் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறின.

ஞாயிற்றுக்கிழமை, பெப்ரவரி முதலாம் திகதி, நானும் போனேன். போகவேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. மரியாம்பிள்ளை அண்ணை காலைப் பூசைக்குப் போய்விட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். மதகுக்கு அப்பால் கடல்நீரேரி வெள்ளித் தட்டுப்போல அசையாமல் கிடந்தது. இருபத்தொரு வருடம் பாதீடு எழுதியிருந்தேன். நான் எழுதிய ஒரு தலைப்பை நேரில் பார்த்தது அன்றுதான்.

முதல் பலகையைத் தூக்கிப் பள்ளத்துக்கு நேரே பிடித்தார்கள். இறங்கவில்லை. நீளம் கூடிவிட்டது. முந்தி ஒரு திருத்த வேலையில் பள்ளத்துக்குச் சீமெந்து பூசியிருக்கிறார்கள். கோவைக்கு அது தெரியாது. பக்கத்து வீட்டுச் சரஸ்வதி அக்காவின் கிணறுதான் மதகுக்கு மிகக் கிட்ட இருந்தது. உப்பு வந்தால் முதலில் வருவது அதற்குத்தான். அவர் வேலியோடு வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மரியாம்பிள்ளை அண்ணை மட்டும் சிரித்தார்.

"பயப்பிடாதை தங்கச்சி. நீளமெண்டா வெட்டலாம். கட்டையா வந்திருந்தாத்தான் என்ன செய்யிறது?"

மடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்துப் பள்ளத்துக்குப் பள்ளம் பிடித்து முடிச்சுப் போட்டார். அதைப் பலகையில் வைத்துப் பென்சிலால் கோடிழுத்தார். மரம் அறுக்கும் வாளை எடுத்தார்.

"நீங்களும் வெட்டுறனியள்தானே. இப்பிடி வைச்சுப் பாத்துப்போட்டு வெட்டுறேல்லையோ?"

லான்ட்மாஸ்டர் ஓட்டிவந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது.

பின்னேரம் நாலே காலுக்குப் பன்னிரண்டாவது பலகை இறங்கியது. இடுக்குகளுக்குக் களிமண் அப்பினார்கள். சரஸ்வதி அக்கா எல்லோருக்கும் பால்தேநீர் கொண்டுவந்தார். தண்ணீரில் உப்பு இருந்தால் பால் திரைந்துவிடும் என்று சொல்லி, என் கோப்பையைத் தானே முதலில் எட்டிப் பார்த்தார். திரையவில்லை. தைப்பூசம் கழிந்து ஐந்தாம் நாள் மரியாம்பிள்ளை அண்ணை தொலைபேசி எடுத்து, கடல் ஏறி இறங்கிவிட்டது என்றும், இருபத்தாறு கிணறும் நல்ல தண்ணீர் என்றும் சொன்னார். வீட்டுக்கு வீடு போய்க் குடித்துப் பார்த்ததாகவும், வயிறு கிண்ணென்று இருப்பதாகவும் சொன்னார்.

அதன்பிறகு என் வேலைமுறை மாறியது. கோடு, கோடு, கோடு என்று கண்டால் அந்த இடத்துக்குத் தொலைபேசி எடுப்பேன். பதில் சொன்னவரின் பெயரையும் திகதியையும் கோட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதுவேன். பெரும்பாலான கோடுகள் வெறும் கோடுகள்தான். தட்டச்சு நாடாத் தலைப்புக்காக ஒரு உபகந்தோருக்கு எடுத்தபோது, தட்டச்சுப் பொறியின் பெட்டிக்குள் இப்போது காவலாளியின் கோழி அடைகிடக்கிறது என்றார்கள். மகிழ்ச்சியாக வெட்டினேன். ஆனால் மாட்டு வண்டியைத் தொடவில்லை. மருதம் பலகை பத்து வருடத்துக்குக் குறையாமல் தாங்கும் என்பதால் அதற்கு எதிரே மறுபடி கோடுகள்தான் வந்தன. கோவையில் அடுத்தவருக்கு உதவியாக, "பலகை நீளம் ஏழடி பத்து அங்குலம்" என்று எழுதிவைத்தேன். எட்டடியில் இரண்டு அங்குலம் கழித்துத்தானே வெட்டினார்.

வெட்டிய துண்டுகளில் ஒன்றை நான் கேட்டு வாங்கி வந்தேன். ஓய்வு பெறும் நாள் வரை மேசையில் கடுதாசி பறக்காமல் வைத்தது அது. இப்போது வீட்டில் நாட்குறிப்புகளுக்கு மேல் இருக்கிறது.

இவ்வளவும் எழுதி, இதிலிருந்து இருநூறு எழுத்தை எப்படிப் பிரிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஓகஸ்ட் இருபதாம் திகதி, புதன்கிழமை, பதினொன்று ஐந்துக்குத் தர்சினி மறுபடி எடுத்தாள். பின்னால் காற்றுச் சத்தம். எங்கே நிற்கிறாய் என்று கேட்டேன்.

"மதகடியிலை அக்கா. அந்தச் சிவப்பு வரியை அமத்தினன், முழுத் தலைப்பும் விரிஞ்சுது. கோவையை எடுத்துப் பாத்தா நீங்கள் பென்சிலாலை எழுதின பேர் இருந்தது. மரியாம்பிள்ளை ஐயாவுக்கு எடுத்தன். பலகை ஆடுதாம், இந்த மாரியோடை மாத்தவேணுமாம். வந்து அளக்கிறம்."

எனக்குப் பெருமையாக இருந்தது. அளக்கத் தேவையில்லை, ஏழடி பத்து என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திவிட்டாள்.

"அக்கா, இங்கை ஏழடி ஒன்பதுதான் வருது. கோவையிலை பத்தெண்டு எழுதியிருக்கு. அது ஆர் அளந்தது?"

பத்து வருடமும் ஆறு மாதமும் கழித்து அந்தக் கேள்வி வடை இல்லாமல் வந்தது. பொறு என்று சொல்லிவிட்டு, நாட்குறிப்புகளுக்கு மேலிருந்த மரத்துண்டை எடுத்தேன். பேரனின் பள்ளிக்கூட அடிமட்டத்தை அதன்மேல் வைத்தேன்.

மூன்று அங்குலம்.

அவளுடைய அளவே சரி என்றேன். நாட்குறிப்பில் பெப்ரவரி முதலாம் திகதிப் பக்கத்தைத் தேடி எடுத்து, அங்கும் இருந்த பத்தை வெட்டி ஒன்பது என்று எழுதினேன். பக்கத்தில் அன்றைய திகதியைப் போட்டு, அளந்தவர் பெயரையும் எழுதினேன். தர்சினி.